கெர்லெவான் தெருவின் தபால்

பதினேழு வருடமாக இந்தத் தெருவுக்குத்
தபால் கொண்டுவருவது நான்தான்.
லுவார் ஆற்றுப் பக்கமிருந்து மழை சாய்வாக வரும்,
பையைத் தோள் மாற்றிக்கொள்வேன்.
நாற்பத்தொரு கதவுகள்.
ஒவ்வொரு கதவின் தலைமேலும் ஒரு கல் முகம்:
சுருள்முடி, தடித்த உதடு, காதில் வளையம்.
ஒன்பதாம் எண் வீட்டு முகத்துக்கு மூக்கு இல்லை.
புதிதாகக் குடிவருகிறவர்கள் அண்ணாந்து அதைப் பார்ப்பார்கள்,
குனிந்து என்னைப் பார்ப்பார்கள்,
பிறகு அவசரமாக வானிலை பற்றிப் பேசுவார்கள்.

கெர்லெவான் கப்பல் வைத்திருந்தான்.
போகும்போது துணியும் துப்பாக்கியும்.
வரும்போது சர்க்கரை.
நடுவே ஏற்றி இறக்கியதற்குக்
கணக்குப் புத்தகத்தில் எண்கள் மட்டும்.

தெருவின் பெயரை மாற்றலாமா என்று கேட்க
நகரமன்றம் பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில் கூட்டம் போட்டது.
எல்லாம் குழந்தைகள் உட்காரும் நாற்காலி;
பெரிய மனிதர்களின் முழங்கால் மோவாயைத் தொட்டது.
பன்னிரண்டாம் எண் தோப்பேன் அம்மாள்
இப்போதுதான் விசிட்டிங் கார்டு ஐநூறு அடித்தேன் என்றார்.
நோட்டரி ஓப்ரியோ
வரலாற்றை அழிக்கக் கூடாது என்றார்.
அழிக்க அங்கே என்ன இருக்கிறது ஐயா,
பிறந்த வருடம், இறந்த வருடம்,
'நகரின் கொடையாளர்' என்று ஒரு வரி.
இதைச் சொல்லத்தான் எழுந்தேன்.
மைக் என் கைக்கு வந்தபோது பேட்டரி தீர்ந்திருந்தது.

வெறும் பெயர்தானே, என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

என் பெயர் யூலாலி மிர்த்தில்.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தெட்டு,
விடுதலை கிடைத்த கையோடு
மார்த்தினிக் தீவில் ஒரு எழுத்தர் மேசை போட்டு உட்கார்ந்து
வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் குடும்பப்பெயர் வழங்கினார்.
காலையில் யோசித்துக் கொடுத்திருப்பார்.
வெயில் ஏற ஏற,
கிழமை, செடி, ரோமாபுரிப் படைத்தலைவன்,
வாய்க்கு வந்தது.
என் முன்னோர் மேசையை நெருங்கியபோது
அவர் செடிகளில் இருந்திருக்கிறார்.
மிர்த்தில் என்றால் ஏதோ வாசனைச் செடியாம்.
நான் கண்டதில்லை.
எங்கள் வீட்டில் யாரும் கண்டதில்லை.

கடைசியில் சமரசம்:
பெயர் அப்படியே நிற்கும்,
கீழே ஒரு விளக்கப் பலகை வரும்.
முழங்கால் உயரத்தில் வந்தது.
முதல் வாரத்திலேயே தெரு நாய்கள்
காலைத் தூக்கிப் படித்து முடித்தன.

பிறகொரு விடியலில் கெர்லெவானின் மேல்
யாரோ காகிதம் ஒட்டியிருந்தார்கள். மைதாப் பசை, ஈரம் காயவில்லை.
'நூற்றுப் பதினெட்டாம் எண் சிறுமி தெரு.'
கணக்குப் புத்தகத்திலிருந்து எடுத்த வரி:
எண் 118. பெண். வயது சுமார் பத்து. பற்கள் நன்று.
உச்சிவேளைக்குள் துப்புரவு வண்டி வந்து சுரண்டிவிட்டது.
ஓரத்தில் ஒரு 8 மட்டும்
சில நாள் பிடிவாதமாக இருந்தது.

ஜூலையில்
கடிதம் பிரிக்கும் இயந்திரம் ஒரு அஞ்சலட்டையை வெளியே துப்பியது.
பச்சைப் பென்சில். கோணல் எழுத்து.
கோடை முகாமிலிருந்து ஒரு குழந்தை ஒன்பதாம் எண் வீட்டுக்கு:
அம்மா, இங்கே தவளை இருக்கு. ஒரு சாக்ஸைக் காணோம்.
முகவரியில், எழுத்துப்பிழையோடு,
நூற்றுப் பதினெட்டாம் எண் சிறுமி தெரு.

இப்படி ஒரு தெருவே கிடையாது, திருப்பி அனுப்பு,
என்றார் மேற்பார்வையாளர் லெ கோஃப்.
தபால்காரருக்கு இடம் தெரியுமென்றால்
அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது என்றேன்.
இழுப்பறை முழுக்கத் தேடி எடுத்துக் கொடுத்தார்.
'இடம் எனக்குத் தெரியும்' என்ற கட்டத்தில் குறியிட்டு
கையெழுத்துப் போட்டேன், மிர்த்தில் என்று,
எவனோ ஒரு எழுத்தரின் களைத்த மதியத்தை.

மழை விட்டிருந்தது.
மூக்கில்லாத முகத்தின் கீழ்
பித்தளைப் பிளவில் அட்டையைத் தள்ளினேன்.
உள்ளே தரையில் விழுந்த சத்தம் கேட்கும்வரை நின்றேன்.
அடுத்தது பதினொன்றாம் எண்.
மின் கட்டணம்.